காலி எது, நல்லது எது

மறுநாள் பள்ளிகளுக்கான புதுக் கண்டுபிடிப்புப் போட்டி என்பதால் அன்று காலையில் ஒத்திகை. ஆய்வுக்கூடத்தின் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, சுவரில் படம் விழ, மூன்று பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். டீச்சர் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவளுக்கு "ஐடியா டீச்சர்" என்று பெயர். அவள் எடுப்பது கணக்கும் இல்லை, அறிவியலும் இல்லை. உலகத்துப் பிரச்சினைகளைத் தொழில் தொடங்கித் தீர்ப்பது எப்படி என்று பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். குப்பை, புகை, பசி, குடிதண்ணீர் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரத்துக்கு இரண்டு பீரியட். உலகத்தைத் திருத்த அது போதாதா என்ன! மற்ற ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிள்ளைகளோ அந்த வகுப்பென்றால் உயிரை விடுவார்கள்.

இந்த மூவரும் அதிலும் ஒரு படி மேல். கூட்டத்துக்குத் தலைவி ஒரு பெண். எல்லோரும் கேப்டன் என்பார்கள். வாய் ஓயாமல் வாதாடுகிறவன் வக்கீல். எதையும் ஒட்டவைத்துவிடுகிற கைகாரன் பசை. அவன் விரல்களில் எப்போதும் ஏதாவது காய்ந்து போயிருக்கும். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குழாய்த் தெருவில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, நாறுகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு வடிகட்டி செய்திருந்தார்கள். இரண்டடிப் பிளாஸ்டிக் குழாய், உள்ளே பஞ்சு, கரி, மணல், கூழாங்கல். மேலே ஊற்றினால் கீழே கண்ணாடி மாதிரி இறங்கும். வாடை போயே போய்விடும். "இனிமே தண்ணிய காய்ச்ச வேண்டாம். கேஸும் மிச்சம், காத்தும் சுத்தம்" என்று அதற்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்தவள் டீச்சர்தான். ஒரு மாதமாக இருபது வீடுகளில் அது ஓடிக்கொண்டிருந்தது.

கேப்டன் அடுத்த படத்தைப் போட்டாள். இரண்டு கட்டங்கள். ஒன்றில் "அசல்" என்றும் மற்றதில் "காலி" என்றும் எழுதியிருந்தது.

"இது என்னம்மா, காலின்னு?"

"ஒப்பீட்டுக் குழு, டீச்சர்." கேப்டனுக்கு முகமெல்லாம் பெருமை. "பத்து வீட்டுக்கு அசல் குடுத்தோம். பத்து வீட்டுக்கு உள்ள வெறும் கூழாங்கல்லு மட்டும். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். தூக்கிப் பாத்தாலும் தெரியாது. மழைக்கப்புறம் குழாய்த் தண்ணியே தெளிவா வர்றதால யாருக்கும் சந்தேகமும் வரல. பசைதான் மூடிய ஒட்டினான்."

டீச்சர் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "எந்த வீட்டுல எது?"

"அது யாருக்குமே தெரியாது, டீச்சர்," என்று வக்கீல் முன்னால் வந்தான். "குலுக்கிப் போட்டுத்தான் குடுத்தோம். குடுக்கிறவங்களுக்கும் தெரியக் கூடாது, வாங்கிறவங்களுக்கும் தெரியக் கூடாது, அப்பத்தான் அது நியாயமான சோதனைன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த மருந்து கம்பெனி கதை."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"உங்களுக்கும் தெரியக் கூடாதில்ல! தெரிஞ்சா உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

பசை சிரித்தான். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பீடு இல்லாத சோதனைக்கு மார்க் இல்லை என்று போட்டி விதியிலேயே இருந்தது. அதை விளக்கத்தான் மருந்துச் சோதனையைக் கதையாகச் சொன்னாள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் மாவு மாத்திரை. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் செய்தும் விட்டார்கள். மாவு மாத்திரை வாங்குகிறவனிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குவார்கள் என்கிற அரைவரியை மட்டும் அன்றைக்கு மணி அடித்துவிட்டதால் அவள் சொல்லாமல் விட்டிருந்தாள்.

"இன்னொண்ணு டீச்சர்," என்றான் வக்கீல். "நேத்து இஸ்திரி அக்கா போன் பண்ணாங்க. பாப்பாவுக்கு வாந்தி பேதியாம். அது மட்டும் காலி வீடா இருந்துட்டா நமக்கு சூப்பர் டேட்டா. வித்தியாசம் பளிச்சுனு தெரியும்."

டீச்சர் சட்டென்று எழுந்தாள், பெஞ்ச் பின்னால் சாய்ந்து விழுந்தது. அவனை ஓங்கி ஓர் அறை விடவேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் கண்ணில் ஒரு துளி கெடுதல் இல்லை. நல்ல மாணவன். சொல்லிக்கொடுத்ததைச் சொன்னபடி ஒப்பிக்கிறான்.

இஸ்திரி அக்கா அந்தத் தெருவில் முதல் ஆளாக வடிகட்டி வாங்கியவள். அவள் வீட்டுச் சுவரில் அதை மாட்டியதே டீச்சர்தான். துணிமூட்டைகளுக்கு நடுவே அவளுடைய ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. "பாப்பாவுக்கு பால் கலக்குறதுக்கும் இதையே புடிச்சுக்கவா?" என்று அவள் கேட்டாள். "தாராளமா புடிச்சுக்கோங்க. இனிமே ஒரு கவலையும் இல்ல" என்று சொன்னதும் டீச்சர்தான்.

"கிளம்புங்க," என்றாள். "எல்லாரும். இப்பவே."

போகிற வழியில் முதல்வருக்குப் போன் செய்தாள். அவர் முழுதாகக் கேட்கவில்லை; பாதியிலேயே குறுக்கிட்டார். "ஸ்கூல் பேர் வெளிய வரக் கூடாதும்மா. காலி கீலின்னு யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. புது மாடல் தர்றோம், பழசக் குடுங்கன்னு சொல்லி சத்தமில்லாம வாங்கிட்டு வந்துருங்க. பிள்ளைங்க எதிர்காலத்த நெனச்சுப் பாருங்க." பக்கத்தில் நடந்த கேப்டனுக்கு எல்லாம் கேட்டது. அவள் சுறுசுறுப்பானவள் ஆயிற்றே. தெருவை அடைவதற்குள் வீடு வீடாகப் போன் போட்டு "புது மாடல் வந்திருக்கு ஆன்ட்டி, பழச வாங்கிக்க வர்றோம்" என்று சொல்லி முடித்துவிட்டாள். டீச்சர் தடுக்கவில்லை. எப்படியாவது அந்தக் குழாய்கள் கைக்கு வந்தால் போதும் என்று இருந்தது. இஸ்திரி அக்காவின் எண்ணுக்கு அவளே போட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

குழாய்த் தெரு என்பது இரண்டு பக்கமும் ஓர் அறை வீடுகள், நடுவில் ஒரு சாக்கடை, கோடியில் ஒரு பொதுக் குழாய். இஸ்திரி அக்கா வீட்டில் பூட்டுத் தொங்கியது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால், அங்கே இருந்த பெரியவர் வடிகட்டியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"புது மாடல் எனக்கு எதுக்கும்மா? இதுவே நல்லாத்தான் வேலை செய்யுது. மாடல் பழசானா தூக்கிப் போட்டுருவீங்களா? நானும்தான் பழைய மாடலு."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில், "புதுச மொதல்ல காட்டுங்க, அப்புறம் பழசத் தர்றோம்" என்றார்கள். காட்ட என்ன இருக்கிறது, காற்றா? ஓசியில் வந்தது என்று யாரும் அதை ஏளனமாக நினைக்கவில்லை. துடைத்து, துணி கட்டி, வீட்டில் ஒரு ஆள் மாதிரி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க டீச்சருக்கு அழுகை முட்டியது. இந்த லட்சணத்தில் புது மாடலாம் புது மாடல்! தெரு நடுவில் நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க," என்று தொண்டை கிழியக் கத்தினாள். "புது மாடல் எதுவும் இல்ல. பொய் சொன்னோம். சில குழாய்க்குள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் கல்லு. எது காலி, எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியல. தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதில் காதில் வாங்கக்கூடிய வார்த்தை குறைவு. ஒரு பெண் நேரே வந்து கேப்டனின் தோளைப் பிடித்து உலுக்கி, "எங்க வீட்டு பிள்ளைங்க என்ன, எலியா?" என்று கேட்டாள்.  அதுவரை பளபளவென்றிருந்த கேப்டனின் முகம் சாம்பல் பூத்துப்போனது. டீச்சர் நடுவில் புகுந்தாள். "என்னைக் கேளுங்கம்மா. அவங்க சின்னப் பிள்ளைங்க. சொல்லிக்குடுத்தது நான்."

மூலையில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன்தான் முதலில் நிதானத்துக்கு வந்தார். உள்ளே போய்த் தன் வீட்டுக் குழாயையும் ஒரு ரம்பத்தையும் எடுத்து வந்தார். "தொறங்க. பாத்துருவோம். கத்தி என்ன ஆகப்போகுது?"

பசை மூடியை அறுத்தான். ஒட்டும்போது இருந்த கெட்டிக்காரத்தனம் அறுக்கும்போது இல்லை. ரம்பம் இரண்டு முறை வழுக்கியது. மூடி கழன்றதும் உள்ளே பஞ்சு, அதன் கீழ் கரி, அதன் கீழ் மணல். டீச்சர் பெருமூச்சு விட்டாள். அண்ணன் சிரித்தேவிட்டார்.

"உங்களோடது அசல், அண்ணே. பயப்படாம குடிங்க," என்று டீச்சர் அவர் கையைப் பிடித்துச் சொன்னாள்.

நாடா சுற்றி மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. அடுத்தது காலி. அதற்கடுத்ததும் காலி. கூழாங்கற்கள் சாக்கடை ஓரத்தில் விழுந்து உருளும்போதெல்லாம் ஒரு வீட்டுக்காரி தலையில் கைவைத்தாள். பெரியவரின் குழாயும் காலி. அவர் திட்டவில்லை. "நல்லா இருந்துச்சேம்மா, ருசியாக்கூட இருந்துச்சே," என்று கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று டீச்சர் நினைத்தாள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே தின்றவள் அவள், குடித்தவர்கள் இவர்கள்.

அசலாக இருந்த வீட்டுக்காரர்கள் பிழைத்தோம் என்று குழாயை அணைத்துக்கொண்டு போனார்கள். அவர்களிடம் டீச்சர் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினாள், உங்களோடது நல்லது, தைரியமா குடிங்க என்று. அன்று காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த ஒரே ஆறுதலான சொல் அதுதான். அதைச் சொல்லும்போது மட்டும் மூச்சு சீராக வந்தது. மூன்று வீடுகள் பாக்கி. இரண்டு வீட்டார் வேலைக்குப் போயிருந்தார்கள். மூன்றாவது இஸ்திரி அக்கா வீடு.

"அவ ஆஸ்பத்திரில இல்ல இருக்கா," என்றாள் எதிர்வீட்டுப் பெண். "காலைல குழந்தை துவண்டு போச்சு. தூக்கிட்டு ஓடினா. ஓடுறப்ப போன் வந்துச்சு, நீங்க வடிகட்டிய வாங்கிட்டுப் போக வர்றீங்கன்னு. உடனே திரும்பி வந்து அதையும் தூக்கிட்டுப் போயிட்டா. டாக்டர் நல்ல தண்ணிதான் குடுக்கச் சொல்வாரு, இத விட நல்ல தண்ணிக்கு நான் எங்க போவேன்னா."

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் ஒன்றாக ஓடின. தெருமுனையில் கிடைத்த வண்டியில் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டாள். ரம்பம் பசையின் பையில் இருந்தது.  ஆஸ்பத்திரி வாசலில்தான் வக்கீல் வாயைத் திறந்தான். "டீச்சர், நான் டேட்டான்னு சொன்னேன்ல. அத அக்காகிட்ட சொல்லிராதீங்க." சொல்லிவிட்டு ஓவென்று அழுதான்.

குழந்தைகள் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் பாப்பா. கண் குழிந்து, உதடு வெடித்து, கையில் ஊசி குத்தி மேலே பாட்டில் தொங்கியது. அழக்கூடத் தெம்பில்லை. கட்டில் காலில் அந்தக் குழாய் துணியால் கட்டப்பட்டு நின்றது. இஸ்திரி அக்கா ஒரு தம்ளரில் அதிலிருந்து பிடித்த தண்ணீரில் ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொடியைக் கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாகக் குழந்தை வாயில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"குடுக்காதீங்க!"

டீச்சர் பாய்ந்து தம்ளரைப் பிடித்தாள். தண்ணீர் பாதி கட்டிலில் கொட்டியது. அக்கா திடுக்கிட்டு, அடுத்த நொடியே குழாயைக் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன், டீச்சர். எம்புள்ள பொழைக்கட்டும், அப்புறம் கொண்டுபோய் யாருக்கு வேணா குடுங்க. இங்க வரைக்குமா வந்து பிடுங்குவீங்க?"

"பிடுங்க வரல, அக்கா. அதுக்குள்ள ஒண்ணும் இல்ல. வெறும் கல்லு. அதைக் குடிச்சுத்தான் பாப்பாவுக்கு இப்படி."

"காலைல புது மாடல்னு சொன்னீங்களே?"

"அது பொய்."

"இது மட்டும் நெசமா?" அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? "நல்லா இருக்கிற தண்ணிய நீங்களே குடுத்தீங்க. நீங்களேதான் கவலை இல்லன்னீங்க. இப்ப போட்டியில ஜெயிக்க வேற யாருக்கோ வேணும், அதானே?"

நர்ஸ் வந்து சத்தம் போட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். டீச்சர் கட்டிலடியில் மண்டியிட்டாள். "அக்கா, உங்க காலப் புடிக்கிறேன். ஒரே ஒரு தடவை தொறந்து காட்டுறேன். கல்லு இல்லன்னா என்னைச் செருப்பால அடிங்க." அக்கா குழாயை விடவில்லை. பசைதான் அவள் கண்ணைப் பார்த்து, "நான்தான் ஒட்டினேன், அக்கா. நானே தொறக்கிறேன்" என்றான். என்ன தோன்றியதோ, அவளுடைய பிடி தளர்ந்தது.

ரம்பம் பிளாஸ்டிக்கை அறுக்கும் சத்தம் அந்த வார்டு முழுக்கக் கேட்டது. மூடி கழன்று ஓடியது. அவசரத்தில் குழாய் கைநழுவிச் சாய்ந்தது. வெள்ளைத் தரையில் முதலில் ஈரப்பஞ்சு விழுந்தது. அப்புறம் கரி. கொத்துக் கொத்தாகக் கரி, அதன் மேல் மணல், சரசரவென்று கடைசியாகக் கற்கள்.

ஒன்றும் குறையவில்லை. எல்லாம் வரிசை மாறாமல் இருந்தது.

இஸ்திரி அக்கா தரையில் உட்கார்ந்து கரியை இரண்டு கையாலும் அள்ளினாள். "இருக்கே!" என்றாள். "எல்லாமே இருக்கே, டீச்சர்! கல்லுன்னீங்க, எல்லாம் இருக்கே. நல்லதுதானே இது? அப்புறம் ஏன் எம்புள்ளைக்கு இப்படி?"

டீச்சர் அந்தக் கரியையே பார்த்தாள். நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும், இல்லையா? காலிக் குழாய் அக்கா தலையில் விழவில்லை. ஆனால் இது அசல். அசல் குழாயில் வந்த தண்ணீரைத்தான் குழந்தை குடித்தது. மஞ்சள் போனது, வாடை போனது. அதைத்தான் அவர்கள் கண்ணாடி கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமி அந்தக் கரிக்கும் மணலுக்கும் நடுவே சாவகாசமாக நடந்து போயிருக்கிறது. முன்பு அடுப்பு அதைக் கொன்றுகொண்டிருந்தது. அந்த அடுப்பை அணைக்கச் சொன்னது காலிக் குழாய் இல்லை, அவள்தான். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்த தப்புக்குப் பின்னால் காலையிலிருந்து ஓடி ஓடி, தன்னுடைய தப்பைத் தெருவெல்லாம் நல்லது, நல்லது என்று கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"டீச்சர்," என்றாள் கேப்டன். குரல் உள்ளே போயிருந்தது. "நாம அசல்னு திருப்பிக் குடுத்தோமே, அதெல்லாம்..."

டாக்டர் வந்து பாட்டிலைச் சரிபார்த்தார். தரையையும் தம்ளரையும் பார்த்து, ஒரே பார்வையில் புரிந்துகொண்டவர் போல, "காய்ச்சின தண்ணிய மட்டும் குடுங்கம்மா. குழந்தை தாங்குதான்னு நாளைக்குத்தான் சொல்ல முடியும்," என்றார். அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை. "ஏன் டீச்சர்?" என்று திரும்பக் கேட்டாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை. பதில் வேண்டும், அவ்வளவுதான். டீச்சர் சொன்னாள். எதையும் விடாமல், எளிதாக்காமல் சொன்னாள். அக்கா கையிலிருந்த கரியைக் கீழே போட்டுவிட்டு, குழந்தையின் தலைமாட்டில் போய் டீச்சருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது கேப்டனின் போன் அடித்தது. சைக்கிள் கடை அண்ணன். டீச்சர் வாங்கிக் காதில் வைத்தாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்," என்றார் உற்சாகமாக. "காலி வீட்டுக்காரங்க எல்லாம் பாவம், குடத்தத் தூக்கிட்டு எங்க வாசல்லதான் நிக்குறாங்க. நம்மளோடது அசலாச்சே, இல்லன்னு சொல்ல மனசு வருமா? எல்லாருக்கும் புடிச்சு ஊத்திக்கிட்டிருக்கேன். ஓயாம ஊத்தினா கரி தாங்குமா?"

"நிறுத்துங்க அண்ணே. உடனே நிறுத்துங்க. அதையும் குடிக்கக் கூடாது."

"எது?"

"அசலும் சரியில்ல. அது அழுக்கத்தான் எடுக்கும், நோய எடுக்காது. எல்லாத்தையும் கொட்டிரச் சொல்லுங்க."

 அண்ணன் குரலில் உற்சாகம் போய்விட்டது. "காலைல புது மாடல்னீங்க. அப்புறம் காலின்னீங்க. என் கையப் புடிச்சு, இது நல்லது, பயப்படாம குடிங்கன்னீங்க. இப்ப இதுவும் கூடாதுங்கறீங்க. நீங்க சொல்றதுல எதைத்தான் டீச்சர் நாங்க நம்பறது?"

"என்னை நம்பாதீங்க, அண்ணே," என்றாள் டீச்சர். "அடுப்பப் பத்தவைங்க. நான் வர்றேன், ஒவ்வொரு வீட்டுக்கும் நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் ஊத்தாதீங்க. அண்ணே? கேக்குதா?"

அவர் போனை எங்கேயோ வைத்துவிட்டார் போலிருந்தது. அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் "எனக்கு இன்னும் ஒரு குடம்" என்று கேட்பதும், குடத்துக்குள் தண்ணீர் விழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது.